லைக்கோபோடுகளும் பெரணிகளும்: விதையில்லாத் தாவரங்களின் இரு தொல்குடிகள்

பழங்கிணறுகளின் ஈரச் சுவரில், கல்லிடுக்கிலிருந்து கரிய மெல்லிய காம்புகளில் சிறு பச்சை இலைகளைத் தொங்கவிட்டு வளரும் பெரணிச் செடியைப் பலரும் கண்டிருப்பர். அதன் ஒரு வகைக்கு அரபு மொழியில் 'குஸ்பரத்துல் பிஃர்', அதாவது 'கிணற்றுக் கொத்தமல்லி' என்று பெயர். யூனானி மருத்துவத்தில் 'பர்ஸியாவுஷான்' என்னும் பெயரால் வழங்கும் மூலிகையும் அதுவே. வயல்களிலும் குளக்கரைகளிலும் பறித்துச் சமைக்கப்படும் ஆரைக்கீரையும் உண்மையில் ஒரு பெரணிதான். ஓடைக்கரைகளில் கணுக்கணுவாக நிமிர்ந்து வளரும் மற்றொரு செடியை அரபியர் 'தனபுல் கைல்', குதிரைவால் என்றனர். 'ஈக்விசிட்டம்' என்னும் அதன் இலத்தீன் பெயரும் குதிரை என்ற சொல்லிலிருந்து பிறந்ததே.

இவற்றோடு ஒப்பிடுகையில் மக்கள் அதிகம் அறியாத இன்னொரு கூட்டமும் உண்டு. மலைச்சரிவுகளில் பாசிபோல் படர்ந்தும், மரக்கிளைகளிலிருந்து பச்சைக் கயிறுபோல் தொங்கியும் வளரும் லைக்கோபோடியம், செலாஜினெல்லா முதலியவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. லைக்கோபோடியம் என்பதற்குக் கிரேக்க மொழியில் 'ஓநாயின் பாதம்' என்று பொருள்.

பெரணி, குதிரைவால், லைக்கோபோடியம் ஆகிய மூன்றையும் ஒரே வகுப்பாகச் சேர்த்து, 'டெரிடோஃபைட்டுகள்' என்னும் தலைப்பில் நம் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. நம்மில் தாவரவியல் பயின்றோர் அனைவரும் அவ்வாறே கற்றோம். ஆனால் இம்மூன்றும் உண்மையில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாமா? கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் 'இல்லை' என்றே விடை கூறுகின்றன. அந்த விடையும், அதற்கு இட்டுச்சென்ற சான்றுகளும் ஆராயத் தக்கவை.

ஒரே கூரையின் கீழ்

1753ஆம் ஆண்டில் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்த கார்ல் லின்னேயஸ், பூவும் விதையும் கண்ணுக்குப் புலப்படாத அனைத்தையும் இறுதி வகுப்பில் வைத்தார். 'கிரிப்டோகேமியா', அதாவது 'மறைமணம் புரிவன' என்பது அவர் அவ்வகுப்புக்கு இட்ட பெயர். பாசி, காளான், பெரணி, லைக்கோபோடியம் எல்லாமே அங்கு அடைக்கலம் பெற்றன. 1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் இத்தாவரங்களின் வாழ்க்கையில் இரு தலைமுறைகள் மாறி மாறி வருவதை விளக்கிக்காட்டிய பின்னரே மறைந்திருந்த மணம் வெளிச்சத்திற்கு வந்தது.

பெரணிச் செடி விதை தருவதில்லை. தூசுபோன்ற ஸ்போர்களை உதிர்க்கிறது. ஸ்போர் ஈரமண்ணில் முளைத்து, விரல்நகத்தினும் சிறிய ஒரு தனிச் செடியாகிறது. அதில்தான் ஆண், பெண் இனச்செல்கள் தோன்றுகின்றன. ஆண் இனச்செல் நீரில் நீந்திச் சென்று பெண் இனச்செல்லை அடைய, அக்கருவிலிருந்து மீண்டும் பெரிய பெரணிச் செடி எழுகிறது. லைக்கோபோடியத்தின் வாழ்க்கையும் அடிப்படையில் இத்தகையதே. இரண்டிலும் நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் உண்டு. இரண்டிலும் விதை இல்லை.

இவ்வொற்றுமைகள் உறவை மெய்ப்பிக்குமா என்று சிந்திக்க வேண்டும். சைலமும் ஃபுளோயமும் தென்னைக்கும் மாமரத்துக்கும் உண்டு. எனவே அவற்றைக் கொண்டு இவ்விரண்டை மட்டும் தனியே பிரித்துச் சேர்க்க இயலாது. ஸ்போரும், நீந்தும் ஆண் இனச்செல்லும் பாசிகளுக்கும் உண்டு. அவை மூதாதையர் வழிவந்த பழைய சொத்து. எஞ்சுவது விதை இல்லை என்னும் ஒன்றே. மண்புழுவுக்கும் பாம்புக்கும் கால்கள் இல்லை. அதனால் அவை உறவினர் ஆகிவிடுவதில்லை. பாம்பின் உறவு நான்கு கால் கொண்ட ஓணானோடுதான். ஓர் உயிரிடம் இல்லாததைக் கொண்டு வகுப்பமைத்தால் உறவு மறைந்துபோகும். உள்ளதைக் கொண்டு பார்த்தால்தான் அது தெரியவரும். டெரிடோஃபைட்டுகள் என்னும் வகுப்பின் குறை இதுவே.

2016ஆம் ஆண்டில் உலகெங்கிலுமுள்ள பெரணி ஆய்வாளர்கள் ஒன்றுகூடி உருவாக்கிய வகைப்பாடு, இத்தாவரங்களை இரு வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதலாவது லைக்கோபோடுகள். இதில் 1,338 இனங்கள் உள்ளன. லைக்கோபோடியம் குடும்பம், செலாஜினெல்லா குடும்பம், ஐசோயிட்டிஸ் குடும்பம் என மூன்றே குடும்பங்கள். இரண்டாவது பெரணிகள். இதில் 10,578 இனங்கள். குதிரைவால் செடிகளும் இவ்விரண்டாம் வகுப்புக்குள்ளேயே அடங்குகின்றன. இவ்விரு குடிகளையும் இனி உறுப்பு உறுப்பாக ஒப்பிடுவோம்.

இலையின் கதை

லைக்கோபோடுகளின் இலையில் கிளைக்காத ஒரே ஒரு நரம்புதான் ஓடுகிறது. அந்நரம்பு தண்டின் கலன் திரளிலிருந்து பிரியும் இடத்தில் எவ்வித இடைவெளியும் ஏற்படுவதில்லை. இத்தகைய இலையைத் தாவரவியலார் 'சிற்றிலை' என்பர். பெரணியின் இலையிலோ நரம்பு பலவாறு கிளைத்துப் பரவுகிறது. பெரும்பாலான பெரணிகளில் அது தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் கலன் திரளில் ஓர் இடைவெளி தோன்றுகிறது. இது 'பேரிலை'.

இப்பெயர்கள் அளவைக் குறிப்பன அல்ல. ஐசோயிட்டிஸின் சிற்றிலை புல்லைப்போல் நீண்டு வளரும். குதிரைவாலின் இலையோ கணுவைச் சுற்றிப் பல்வரிசைபோல் அமைந்த சிறு செதில். எனினும் அது பேரிலை குறுகியதால் விளைந்தது என்பதே அறிஞர் கருத்து. வேறுபாடு அளவில் இல்லை, பிறப்பில்தான் உள்ளது.

சிற்றிலை எவ்வாறு பிறந்தது? தண்டின் மேற்புறத்தில் எழுந்த சிறு புடைப்புகள் தட்டையாகி, பின்னர் அவற்றுக்குள் நரம்பு நுழைந்தது என்பது ஒரு விளக்கம். பேரிலையின் கதை வேறு. ஜெர்மானிய அறிஞர் வால்டர் சிம்மர்மன் 1930ஆம் ஆண்டில் முன்வைத்த கொள்கையின்படி, கவைகவையாகப் பிரிந்த கிளைத்தொகுதி ஒன்று ஒரே தளத்தில் பரந்து, கிளைகளுக்கிடையே பசும்படலம் நிரம்பிப் பேரிலை ஆயிற்று. எனவே இலை என்று நாம் ஒரே சொல்லால் அழைக்கும் உறுப்பு, தாவர உலகில் ஒரே முறை தோன்றியதன்று. இவ்விரு குடிகளிலும் அது தனித்தனியே உருவானது.

ஸ்போரகம் அமைந்த இடம்

ஸ்போர்களைத் தாங்கும் பைக்கு ஸ்போரகம் என்று பெயர். லைக்கோபோடுகளில் ஓர் இலைக்கு ஒரு ஸ்போரகமே உண்டு. அது இலையின் மேற்புறத்திலோ, இலைக்கக்கத்திலோ சிறுநீரக வடிவில் அமர்ந்திருக்கும். பல இனங்களில் இவ்விலைகள் தண்டின் நுனியில் நெருங்கிக் கதிர்போல் காட்சி தரும். அக்கதிரிலிருந்து கிடைக்கும் மஞ்சள் தூள் நீரில் நனையாதது. தீப்பட்டால் பளிச்செனப் பற்றிக்கொள்வது. 1807ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நியெப்ஸ் சகோதரர்கள் தாம் அமைத்த உள்ளெரி பொறிக்கு இத்தூளையே எரிபொருளாக்கினர்.

பெரணிகளில் ஸ்போரகங்கள் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ கூட்டம் கூட்டமாக அமைகின்றன. ஒவ்வொரு ஸ்போரகமும் மெல்லிய காம்பின்மேல் நிற்கும் சிறு உருண்டை. பொதுவாக அதனுள் 64 ஸ்போர்கள் இருக்கும். அதன் முதுகில் தடித்த செல்களாலான வளையம் ஒன்று உண்டு. காற்று உலரும்போது அவ்வளையத்தின் நீர் வற்ற, வளையம் வில்லைப்போல் பின்னோக்கி வளைகிறது. ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் நீரில் குமிழ் தோன்றியதும் வளையம் சட்டென முன்னோக்கிப் பாய்ந்து, கவண்கல்போல் ஸ்போர்களை வீசியெறிகிறது. இப்பொறியமைப்பு லைக்கோபோடுகளிடம் இல்லை.

ஆயினும் இரு குடிகளும் தனித்தனியே சென்று ஒரே இடத்தை அடைந்த நிகழ்வும் உண்டு. செலாஜினெல்லாவும் ஐசோயிட்டிஸும் சிறியன, பெரியன என இருவகை ஸ்போர்களை உண்டாக்குகின்றன. பெரணிகளுள் ஆரைக்கீரையும், நெல்வயலில் உரமாக இடப்படும் அசோலாவும் அவ்வாறே செய்கின்றன. இருவகை ஸ்போர் என்பது விதையை நோக்கிய பாதையில் ஒரு படி. அப்படியில் பல குடிகள் வெவ்வேறு காலங்களில் கால்வைத்துள்ளன.

வேரும் இனச்செல்லும்

லைக்கோபோடுகளின் வேர், நுனியிலேயே இரண்டிரண்டாகக் கவைத்துப் பிரிகிறது. பெரணியின் பக்கவேர்களோ, நம் வீட்டு மரங்களின் வேர்களைப்போல், தாய்வேரின் உட்பகுதியிலிருந்து புறப்பட்டு வெளிவருகின்றன. வேரும் இருமுறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது கருதப்படுகிறது.

நீந்திச் செல்லும் ஆண் இனச்செல்லிலும் வேறுபாடு உண்டு. லைக்கோபோடியம், செலாஜினெல்லா ஆகியவற்றில் அதற்கு இரண்டே கசையிழைகள். ஐசோயிட்டிஸ் மட்டும் விதிவிலக்கு. பெரணிகளிலும் குதிரைவாலிலும் கசையிழைகள் பல. விதைத் தாவரங்களுள் நீந்தும் இனச்செல்லை இன்றும் விட்டுவிடாதவை ஈந்துபோல் தோன்றும் சைகஸ் இனத்தாரும் ஜிங்கோ மரமுமே. 1896ஆம் ஆண்டில் ஜப்பானியத் தாவரவியலார் ஹிராசே ஜிங்கோவில் அதைக் கண்டறிந்தார். அவ்விரண்டிலும் கசையிழைகள் பலவே. பெரணியின் உறவு எத்திசையில் உள்ளது என்பதை இது குறிப்பாக உணர்த்துகிறது.

பசுங்கணிகத்தின் சாட்சியம்

பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்வோர் ஒரு முறையைக் கையாள்வர். ஒரு பிரதியில் சில ஏடுகள் தலைகீழ் வரிசையில் கட்டப்பட்டுவிட்டால், அதைப் பார்த்து எழுதிய பிரதிகள் அனைத்திலும் அத்தவறு தொடரும். அத்தவறு இல்லாத பிரதி வேறு வழியில் வந்தது என்று அறியலாம். தாவரங்களின் உறவையும் இவ்வாறே கண்டறிந்தனர்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்திற்குத் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. 1992ஆம் ஆண்டில் லிண்டா ரௌபெசனும் ராபர்ட் ஜான்சனும் பலவகைத் தாவரங்களின் வளையங்களை ஒப்பிட்டனர். பெரணி, குதிரைவால், விதைத் தாவரங்கள் ஆகிய அனைத்திலும் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்தது. லைக்கோபோடுகளிலோ அது திரும்பவில்லை. பாசிகளில் காணப்படும் பழைய வரிசையே அவற்றில் நிலைத்திருந்தது. ஆகவே லைக்கோபோடுகள் தனிவழி பிரிந்து சென்ற பின்னரே, மற்றவற்றின் பொது மூதாதையிடத்தில் அத்திருப்பம் நிகழ்ந்திருக்க வேண்டும்.

2001ஆம் ஆண்டில் கேத்லீன் பிரையரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் பல மரபணுக்களை ஒருங்கே ஆராய்ந்து இம்முடிவை உறுதிசெய்தனர். குதிரைவாலும் பெரணிகளும் ஒரே குடி என்றும், இன்று வாழ்வனவற்றுள் விதைத் தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவினர் அக்குடியே என்றும் அவர்கள் நிறுவினர். இதன் பொருளை எளிதாகக் கூறலாம். கிணற்றுச் சுவரிலுள்ள பெரணி, மலையிலுள்ள லைக்கோபோடியத்திற்கு உறவாவதைவிடக் கிணற்றோரம் நிற்கும் தென்னைக்கே நெருங்கிய உறவு.

பாறைகள் கூறுவன

இப்பிரிவு எவ்வளவு பழமையானது? ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் குக்சோனியா என்னும் சின்னஞ்சிறு செடியின் எச்சங்கள் கிடைத்துள்ளன. அதற்கு இலையும் இல்லை, வேரும் காணப்படவில்லை. கவைத்த தண்டும், நுனிதோறும் ஒரு ஸ்போரகமுமே உண்டு. ஆஸ்திரேலியத் தொல்லுயிரியல் அறிஞர் இசபெல் குக்சன் அம்மையாரின் நினைவாக 1937ஆம் ஆண்டில் வில்லியம் லாங் அதற்கு அப்பெயரிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1935இல், இவ்விருவரும் இணைந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிடைத்த பராக்வானாதியா என்னும் செடியை விவரித்திருந்தனர். சிற்றிலைகள் அடர்ந்த அச்செடி ஐயத்திற்கிடமின்றி ஒரு லைக்கோபோடு. எனவே 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே லைக்கோபோடுகள் தனிக்குடியாகிவிட்டன.

ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றுகளின் சிலிக்கா படிந்து, ஒரு சதுப்பு நிலம் முழுவதும் செல் அளவில் சிதையாமல் கல்லாக உறைந்து கிடக்கிறது. 1917 முதல் 1921 வரை கிட்ஸ்டனும் லாங்கும் அங்கிருந்த தாவரங்களை விவரித்தனர். ரைனியாவின் தண்டு மொட்டையானது. அதன் ஸ்போரகம் நுனியில் உள்ளது. அதே நிலத்தில் வளர்ந்த ஆஸ்டெராக்சிலானில் ஸ்போரகங்கள் தண்டின் பக்கவாட்டில் உள்ளன. தண்டின் மேல் இலைபோன்ற புடைப்புகள் உண்டு. ஆனால் நரம்பு அப்புடைப்பின் அடிவரை வந்து நின்றுவிடுகிறது. சிற்றிலை பாதி உருவான நிலையை இதில் காண்கிறோம். 2018ஆம் ஆண்டில் இச்செடியின் வேர்நுனியை ஆராய்ந்த ஹெதரிங்டனும் டோலனும் அதில் வேர்மூடி இல்லை என்று காட்டினர். வேரும் அக்காலத்தில் முழுமை பெறவில்லை.

தோற்றம் தந்த மயக்கம்

சைலோட்டம் என்றொரு செடி வெப்ப நாடுகளில் மரப்பட்டைகளிலும் பாறை இடுக்குகளிலும் வளர்கிறது. அதற்கு வேர் இல்லை. பெயர் சொல்லத்தக்க இலையும் இல்லை. கவைத்த பச்சைத் தண்டு மட்டுமே. ரைனியாவை அப்படியே உயிர்ப்பித்து வைத்ததுபோன்ற அதன் தோற்றத்தைக் கண்ட அறிஞர் பலர், 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குடியின் கடைசி வாரிசு என்றே அதைக் கருதினர். மரபணு ஆய்வு அக்கருத்தை மாற்றியது. சைலோட்டம் பெரணிக் குடியைச் சேர்ந்தது. ஓஃபியோகுளாசம் என்னும் பெரணிக்கு நெருங்கிய உறவு. அதன் எளிமை மூதாதையர் விட்டுச்சென்றதன்று. இலையையும் வேரையும் பின்னாளில் இழந்ததால் வந்தது. தோற்றத்தின் எளிமையைக் கொண்டு தொன்மையை அளப்பது எவ்வளவு பெரிய பிழைக்கு இடமளிக்கும் என்பதற்கு இது சான்று.

நிலக்கரிக் காடுகள்

இன்று காலடியில் படரும் லைக்கோபோடுகள் ஒரு காலத்தில் காடுகளை ஆண்டன. ஏறத்தாழ 35.9 கோடி முதல் 29.9 கோடி ஆண்டுகள் வரையிலான கார்பானிஃபெரஸ் காலத்தில், லெபிடோடெண்ட்ரான் என்னும் லைக்கோபோடு மரங்கள் 30 மீட்டருக்கும் மேல் ஓங்கி நின்றன. அவற்றைத் தாங்கியது நடுவிலிருந்த சிறிதளவு கட்டை அன்று, தடித்த பட்டையே. அவற்றோடு குதிரைவாலின் உறவினரான கலாமைட்டுகளும் மரமாக வளர்ந்தன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெட்டியெடுக்கப்பட்ட அக்காலத்து நிலக்கரியில் பெரும்பங்கு அம்மரங்கள் தந்தது. தொழிற்புரட்சியின் உலைகளில் எரிந்தவை லைக்கோபோடுக் காடுகளே எனலாம்.

எல்லா நிலக்கரியும் அவ்வாறு வந்ததன்று. இந்தியாவின் கோண்ட்வானா நிலக்கரி பெரும்பாலும் அதற்குப் பிந்திய பெர்மியன் காலத்தது. அதை உருவாக்கிய முதன்மைத் தாவரம் குளாசோப்டெரிஸ். அது விதைத் தாவரம்.

லெபிடோடெண்ட்ரானுக்கு இன்று வாழும் மிக நெருங்கிய உறவினர் ஐசோயிட்டிஸ். மழைக்காலக் குட்டைகளில் புல்போல் முளைத்து, நீர் வற்றியதும் மறையும் சிறு செடி அது. அதன் ஓர் இனத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லின்னேயஸின் மகன் 'கோரமாண்டலினா' என்று பெயர் சூட்டினார். சோழமண்டலக் கரையின் பெயர் அது. பெருமரங்களின் குடி நம் கரையோரக் குட்டையில் இவ்வாறு எஞ்சி நிற்கிறது.

'கீழ்நிலை' என்னும் சொல்

இத்தாவரங்களைக் 'கீழ்நிலைத் தாவரங்கள்' என்று குறிப்பிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அச்சொல் இரு தவறுகளை உள்ளடக்கியது. ஒன்று, விதைத் தாவரத்தை ஏணியின் உச்சியில் வைத்து மற்றவற்றை அதன் கீழ்ப்படிகளாகக் காண்பது. மற்றொன்று, பழமையை எளிமையாகக் கருதுவது.

மரபணுத் தொகுதிகளின் அளவு அவ்வெளிமையை மறுக்கிறது. 2011ஆம் ஆண்டில் செலாஜினெல்லாவின் ஓர் இனத்தினுடைய மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 10 கோடி எழுத்துகளே இருந்தன. தாவரங்களுள் மிகச் சிறியவற்றுள் அது ஒன்று. மனிதனுடையதோ 300 கோடி. மாறாக, 2024ஆம் ஆண்டில் நியூ கலிடோனியாத் தீவில் வளரும் மெசிப்டெரிஸ் என்னும் செடியில் 16,000 கோடி எழுத்துகள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்ட உயிர்கள் அனைத்திலும் மிகப் பெரிய தொகுதி அது. அச்செடி சைலோட்டத்தின் உடன்பிறப்பு. அவற்றின் உறவான ஓஃபியோகுளாசத்தின் ஓர் இனத்தில் ஏறத்தாழ 1,260 குரோமோசோம்கள் இருப்பதை 1954ஆம் ஆண்டில் இந்தியத் தாவரவியலாளர் ஆபிரகாமும் நைனானும் வெளியிட்டனர். மனிதனுக்கு இருப்பவை 46.

லைக்கோபோடும் பெரணியும் 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகத் தத்தம் வழியில் மாறி வந்துள்ளன. தென்னை கடந்து வந்த காலம் எவ்வளவோ, அவ்வளவு காலத்தை அவையும் கடந்துள்ளன. இலை, வேர், இருவகை ஸ்போர் ஆகியவற்றை அவை தனித்தனியே கண்டடைந்தன. ஆகவே மாணவருக்கு இவற்றைக் கற்பிக்கும்போது, விதையில்லாதவை என்னும் ஒற்றை அடையாளத்தின்கீழ் இரண்டையும் கட்டிவைப்பது போதாது. இலையின் நரம்பை எண்ணவும், ஸ்போரகம் மேற்புறத்திலா அடிப்புறத்திலா என்று திருப்பிப் பார்க்கவும் பழக்கலாம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மலையோடைக் கரையில் ஒரு செலாஜினெல்லாக் கொடியும் ஒரு பெரணி இலையும் கைக்கு எட்டினால் போதும்.